பாக்கெட்டைப் பிரிங்க சார்

ஜூன் 10, திங்கள்

இன்றிலிருந்து நான் ஒன்றாம் வகுப்பு.

எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுத்தே தலை நரைத்தவன் நான். தெய்வசிகாமணி சார் வருகிறார் என்றால் வராண்டாவில் சத்தம் அடங்கும். பள்ளி திறந்த முதல் நாளே தலைமையாசிரியை கூப்பிட்டார். "லூர்து டீச்சர் பிரசவ லீவுல போயிட்டாங்க சார். எட்டாப்புக் கணக்குக்குப் புதுசா ஒரு டீச்சர் வந்துட்டாங்க. ஒண்ணாப்புக்குத்தான் ஆள் இல்ல. கொஞ்ச நாளைக்கு நீங்க..." என்று இழுத்தார். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார்.

பதினான்கு பிள்ளைகள். பாதிப்பேர் நான் உள்ளே போனதும் அழுதார்கள். மீதிப்பேர் அழுகிறவர்களைப் பார்த்து அழுதார்கள். நேரத்தை வீணாக்கக்கூடாது என்று எண்களை ஆரம்பித்தேன். கடை வைத்திருக்கும் சவரிமுத்துவின் மகள் ஜெசிந்தா மட்டும் அழவில்லை. அவளைக் கூப்பிட்டு ஐந்து எழுதச் சொன்னேன். இடவலம் மாற்றி எழுதினாள். "இது கூடத் தெரியாதா?" என்றேன். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் நாளெல்லாம் கேட்கிற கேள்விதான். அவர்கள் பல்லைக் காட்டிவிட்டு உட்காருவார்கள்.

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன். வீட்டில் மனைவி வடிவு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஜெசிந்தா வகுப்புக்குள் வரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். காற்று வாங்குகிறாள் போல.

ஜூன் 14, வெள்ளி

இன்றும் வாசற்படி. உள்ளே வா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். மதியம் சத்துணவுக்கு எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறாள், அப்புறம் மறுபடி படி.

மூன்றாம் வகுப்பு எடுக்கும் தமயந்தி டீச்சர் வந்து, "சார், போனைக் குடுங்க" என்றாள். எதையோ தட்டினாள். "எங்க குரூப்புல சேத்துட்டேன். பேரு 'கவுந்த வண்டி'. தமிழ்நாடு பூராவும் சின்ன வகுப்பு டீச்சருங்க இருக்காங்க. வாராவாரம் சனிக்கிழம, யாருக்கு எந்தப் பாடம் கவுந்துச்சோ அதைச் சாக்குப்போக்குச் சொல்லாம வாய்ஸ்ல சொல்லணும். வேற ஒருத்தர் அதை எடுத்துக்குவாங்க. அவங்க வகுப்புல அதே பாடத்தை நடத்திப் பாத்துட்டு வந்துதான் சொல்லணும். எடுத்துப் பாக்காம யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. அது ஒண்ணுதான் சட்டம்."

"என் பாடம் கவிழாது தமயந்தி."

அவள் என் வகுப்பறையை எட்டிப் பார்த்தாள். ஒருவன் பெஞ்சுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் சாக்பீஸ் தின்றுகொண்டிருந்தார்கள். சிரித்தபடியே போய்விட்டாள்.

ஜூன் 15, சனி

குழுவில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்று நினைத்தேன். நாகூர்ப் பக்கத்து பாத்திமுத்து டீச்சர்தான் நிர்வாகி. "புதுசா வந்த சாருக்கு ஒரு கவுந்த பாடம் இல்லாமயா இருக்கும்?" என்று கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி போர்டில் எழுதிப்போட்டு ஐந்து என்ற எண்ணை நடத்தினேன், பிள்ளைகள் தயாராக இல்லை என்று பதிவு செய்து அனுப்பினேன்.

"அது சாக்குப்போக்கு சார்" என்றார் பாத்திமுத்து. குழு முழுக்கச் சிரிப்புப் படங்கள்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து செங்கமலம் என்று ஒரு டீச்சர், "சாருக்க அஞ்ச நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். என் ஐந்து தென்கோடிக்குப் போயிருக்கிறது.

ஜூன் 22, சனி

செங்கமலம் டீச்சரின் குரல் பதிவு வந்தது. காது கொடுத்துக் கேட்க வேண்டியதாகிவிட்டது.

"சார் சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். நாற்காலியில உக்காந்துக்கிட்டேன். போர்டுல அஞ்ச பெருசா எழுதினேன். 'ம், எழுதுங்க'ன்னு ஒரு அதட்டு. மூணு புள்ள அழுதுட்டு சார். ஒருத்தன் என்னப் பாத்து, 'டீச்சர், ஒங்களுக்கு மேலுக்குச் சொகமில்லையா?'ன்னு கேட்டுட்டான். எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. நாற்காலியத் தள்ளிட்டுத் தரையில உக்காந்து, மணல்ல என் வெரலால அஞ்சு போட்டேன். அவனுவ மூக்குக்கு நேரா என் மூக்கு வந்துட்டு பாத்துக்கிடுங்க. அப்புறம் எல்லாரும் எழுதுனானுவ. சார், நீங்க நல்ல ஒசரமோ?"

ஆறடி ஒரு அங்குலம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஜூன் 25, செவ்வாய்

தரையில் உட்கார்ந்தேன். ஒரு சோதனைக்காகத்தான். முழங்கால் இரண்டும் கடகடவென்று சத்தம் போட்டன. பிள்ளைகள் கைதட்டினார்கள். "சார், இன்னொரு தடவ!" என்றான் ஒருவன். மணல் தட்டில் எல்லோரும் ஐந்து போட்டார்கள். பெஞ்சுக்கு அடியில் தூங்குகிறவன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். சட்டையெல்லாம் எச்சில்.

வாசற்படி இப்போது நன்றாகத் தெரிகிறது, நானும் அவ்வளவு உயரத்தில்தான் இருக்கிறேன். ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் வெளியே திரும்பிக்கொண்டாள்.

செங்கமலம் டீச்சருக்கு நன்றி சொல்லி எழுதினேன். உடனே பதில். இரண்டு பேரும் அரைமணி நேரம் சாக்பீஸ் தின்கிற பிள்ளைகளைப் பற்றியே பேசியிருக்கிறோம். வடிவு, "யாரு அது, இம்புட்டுச் சிரிப்பு?" என்றாள். அலுவல் விஷயம் என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

சவரிமுத்து பள்ளிக்கு வந்தார். "சார், கோவிச்சுக்கிறாதீங்க. புள்ள வாசப்படியிலயே உக்காந்துட்டு வருது. வீட்டுல கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. இந்த மாசம் பாப்பேன். அப்புறமும் இப்பிடியே இருந்தா டீசிய வாங்கி நத்தத்துல இங்கிலீசு ஸ்கூல்ல சேத்துருவேன். வேன் வீட்டு வாசலுக்கே வருது."

உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். பதினான்கில் ஒன்று போனால் பதின்மூன்று. எளிய கழித்தல்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வடிவு குழம்பில் உப்பை அள்ளிப் போட்டிருப்பாள். அவள் சரியாகத்தான் இருக்கிறது என்கிறாள்.

ஜூலை 6, சனி

இன்று செங்கமலம் டீச்சரின் முறை. அவருக்கு ஒன்றும் இரண்டும் சேர்ந்த வகுப்பு.

"கழித்தல் கவுந்துட்டு. முப்பத்திரெண்டுல அஞ்சு. ரெண்டுல அஞ்சு போகாது, பக்கத்துல கடன் வாங்குன்னு சொன்னேன். ஒரு புள்ள எழும்பி, 'கடன் வாங்குனா எப்பத் திருப்பிக் குடுக்கணும் டீச்சர்?'ன்னு கேக்கா. எனக்குப் பதில் தெரியல. இருவது வருசமா கடன் வாங்கு, கடன் வாங்குன்னு சொல்லிக் குடுக்கேன். ஏன் வாங்குதோம்னு எனக்கே தெரியாது. சின்ன வயசுலயே கணக்குன்னா எனக்கு வயித்தக் கலக்கும். யாருட்டயும் இதச் சொன்னதில்ல. இங்க சொல்லலாம்லா, அதான் சொல்லுதேன்."

கணக்கு என்றதும் நான் விடுவேனா? நான்கு நிமிடம் பேசி அனுப்பினேன். இடமதிப்பு, பத்தாமிடம், ஒன்றாமிடம் எல்லாம் தெளிவாகச் சொன்னேன். "என்ன டீச்சர், இது கூடத் தெரியாதா?" என்று ஆரம்பித்து, "அவ்வளவுதான் விஷயம்" என்று முடித்தேன். நல்ல விளக்கம். நானே இரண்டு தடவை கேட்டேன்.

ஜூலை 8, திங்கள்

செங்கமலம் டீச்சரிடமிருந்து பதில் இல்லை. புரிந்துகொள்ள நேரம் எடுக்கும்.

ஜூலை 10, புதன்

என் போனில் ஏதோ கோளாறு. செய்திகள் வருவதில்லை. தமயந்தியிடம் காட்டினேன். ஒரு கோளாறும் இல்லை என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஜூலை 11, வியாழன்

மோட்டார் ரிப்பேர். பிரஷர் மாத்திரை வாங்கினேன். செங்கமலம் டீச்சர் கடைசியாகக் குழுவுக்கு வந்தது சனிக்கிழமை. தற்செயலாகக் கண்ணில் பட்டது.

வடிவு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "ஏங்க, அந்தக் கடைக்காரர் புள்ளையும் ஒங்ககூடப் பேசல. அந்தத் திசையன்விளை டீச்சரும் பேசல. ரெண்டு பேருக்கும் நடுவுல யாரு இருக்கா?"

கீரையில் பூச்சி இருக்கிறது, ஒழுங்காகப் பார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அவளும்தான் இருபத்தைந்து வருஷமாக என் வாயிலிருந்து அந்த 'இது கூடத் தெரியாதா?'வைக் கேட்டிருக்கிறாள். கேஸ் சிலிண்டர் மாற்றும்போது, ஏடிஎம்மில், பஸ் நம்பர் பார்க்கும்போது. ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. தூக்கம் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் செலவுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 13, சனி

பாத்திமுத்து டீச்சர் தீர்ப்புச் சொன்னார். "சிகாமணி சார், எடுத்துப் பாக்காம வாயைத் தொறந்துட்டீங்க. சட்டம் சட்டம்தான். அபராதம் ரெண்டு. செங்கமலம் டீச்சரோட கழித்தலை நீங்கதான் எடுத்து நடத்தணும். அதோட, ஒண்ணாப்புப் பாட்டு ஒண்ணை உங்க குரல்லயே பாடி அனுப்பணும்."

நான் பாடியது கடைசியாக என் கல்யாணத்துக்கு முன்பு. பாட்டு வேறு, ஆட்டுக்குட்டிப் பாட்டு:

ஆட்டுக்குட்டி ஆட்டுக்குட்டி எங்க போற?
அஞ்சு வீடு தாண்டிப் போறேன், மே மே மே மே மே!

ஐந்து "மே" சரியாக வரவேண்டுமாம். மொட்டை மாடிக்குப் போய்ப் பாடினேன். எதிர்வீட்டு ஆடு பதில் சொன்னது. அதுவும் பதிவாகிவிட்டது. அனுப்பினேன்.

கீழே இறங்கி வந்து பார்த்தால், குழு மாறிப் போயிருக்கிறது! எங்கள் ஒன்றியத்து அலுவலகக் குழுவில், மாணவர் வருகை விவரத்தை உடனே அனுப்பவும் என்ற சுற்றறிக்கைக்குக் கீழே நான் மே மே என்று கத்திக்கொண்டிருக்கிறேன். அவசரமாக நீக்கினேன். அடக் கடவுளே, எனக்கு மட்டும் நீக்கு என்பதை அமுக்கிவிட்டேன். இப்போது அது என் போனில் மட்டும் இல்லை. மற்ற எல்லோர் போனிலும் இருக்கிறது.

வட்டாரக் கல்வி அலுவலர் ஒரு கட்டைவிரல் போட்டு, "நன்று. விவரம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

ஜூலை 15, திங்கள்

ஊரே கேட்டுவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர், "சார், அஞ்சு வீடு தாண்டி இறங்கிக்கங்க" என்கிறார். எட்டாம் வகுப்புப் பையன்கள் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். என் மரியாதை அத்தனையும் போயிற்று. மானம் போகிறதே என்று உட்கார்ந்திருந்தால், ஒன்றாம் வகுப்பு மட்டும் "மே சார்! மே சார்!" என்று என் மேல் வந்து விழுகிறது. சரி, விழுந்துவிட்டுப் போகட்டும்.

எல்லோரும் சேர்ந்து பாட்டைப் பாட, ஐந்தாவது மே வரும்போது வாசற்படியிலிருந்தும் ஒரு சின்ன மே வந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும்.

பாட்டைச் சரியான குழுவுக்கும் அனுப்பினேன். எல்லோரும் கேட்டார்கள். செங்கமலம் டீச்சர் மட்டும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன். எழுத்தில் அது நன்றாக இல்லை.

ஜூலை 20, சனி

கழித்தலை எப்படி நடத்துவது? எட்டாம் வகுப்புப் புத்தி ஒன்றும் உதவவில்லை. பத்தாமிடம் என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது என்றால் எனக்கு வாயே இல்லை. அப்போதுதான் தெரிகிறது, அந்த நான்கு நிமிடத்தில் நான் செங்கமலம் டீச்சருக்கு ஒன்றுமே விளக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதைத்தான் விளக்கியிருக்கிறேன்.

வடிவிடம் கேட்டேன். அவள், "தின்கிற பொருளா வச்சு நடத்துங்க" என்றாள்.

ஜூலை 24, புதன்

பிஸ்கட். எந்தப் பாக்கெட்டில் சரியாகப் பத்து இருக்கிறது என்று தெரிய வேண்டும். சவரிமுத்து கடையிலேயே நான்கு வகை வாங்கினேன். "வீட்டுக்கு விருந்தாளியா சார்?" என்றார். வீட்டில் பிரித்து எண்ணினேன். ஒன்றில் ஒன்பது, ஒன்றில் பன்னிரண்டு, ஒன்று பூராவும் தூள். நான்காவதில் பத்து. மீதியை வடிவு காபியில் தொட்டுத் தின்றாள். இருவரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இவ்வளவு கேள்வி கேட்கத் தெரிந்தவள் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 26, வெள்ளி

நிதானமாக எழுதுகிறேன்.

குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று போனைப் பதிவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தரையில் உட்கார்ந்தேன். ஒன்றாம் வகுப்புக்குத் தகுந்தபடி பன்னிரண்டில் ஐந்து என்று குறைத்துக்கொண்டேன். கையில் ஒரு பாக்கெட், தட்டில் இரண்டு உதிரி பிஸ்கட். ஐந்து பேரைக் கூப்பிட்டேன். ஆளுக்கு ஒன்று. இரண்டு பேருக்குக் கொடுத்தேன். தட்டு காலி. மூன்று கைகள் நீட்டியபடி நிற்கின்றன.

"இப்ப என்ன செய்யலாம்?" என்றேன்.

மூன்று பேரும் பாக்கெட்டைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். அடுத்து நான் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் அப்படியே மறந்துவிட்டது. கடன் என்றுதான் வாயில் வருகிறது. முன்னால் நின்ற பையனுக்குக் கண் கலங்க ஆரம்பித்துவிட்டது. நான் முழிக்கிறேன், அவன் முழிக்கிறான்.

"பாக்கெட்டப் பிரிங்க சார்! இது கூடத் தெரியாதா?"

வாசற்படியிலிருந்து. கணீரென்று. நான் கேட்ட அதே கேள்வி, நான் இழுக்கிற அதே இழுப்பு.

ஜெசிந்தா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே பயம். பையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். இன்னும் ஒரு நொடி விட்டால் ஓடிவிடுவாள்.

"தெரியல கண்ணு" என்றேன். "எனக்குப் பிரிக்க வரல. நீ வந்து பிரிச்சுக் குடு."

யோசித்தாள். பையைப் படியிலேயே வைத்தாள். உள்ளே வந்தாள். என் கையிலிருந்து பாக்கெட்டை வாங்கி, கடைக்காரர் மகள் இல்லையா, ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரே இழுப்பு. மூன்று பேருக்கும் கொடுத்தாள். மீதியை எண்ணினாள்.

"ஏழு இருக்கு சார். பிரிச்சதக் கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. நாமதான் திங்கணும்."

தின்றோம். எனக்கும் ஒன்று கொடுத்தாள். வாங்கும்போது, "அன்னைக்கு நான் கேட்டது தப்பும்மா" என்றேன். அவள் வாய் நிறைய பிஸ்கட், தலையை மட்டும் ஆட்டினாள். மணி அடிக்கும் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐந்து போட்டாள். இன்னமும் இடவலம் மாறித்தான் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. சாக்பீஸ் தூள்.

ஜூலை 27, சனி

பதிவை அப்படியே குழுவுக்கு அனுப்பினேன். முன்னால் இதை மட்டும் பேசினேன். "என் கவிழ்ந்த பாடத்தின் பெயர், இது கூடத் தெரியாதா. ஒரு பிள்ளையிடமும் ஒரு டீச்சரிடமும் நடத்தினேன். இரண்டு இடத்திலும் கவிழ்ந்தது. செங்கமலம் டீச்சர், நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உங்கள் கழித்தலை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. ஜெசிந்தாதான் சொல்லிக்கொடுத்தாள்."

குழுவில் ஒரே கொண்டாட்டம். செங்கமலம் டீச்சர் கேட்டுவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

ஜூலை 31, புதன்

மாதக் கடைசி. சவரிமுத்து பள்ளிக்குள் வருவதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. செங்கமலம் டீச்சர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. டீசி கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து, தலைமையாசிரியை அறைக்கு முன்னால் குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

"இல்ல சார், டீசி எல்லாம் வேணாம்" என்றார். "வேற ஒரு விசயம். புள்ள இப்ப வீட்டுல வாய மூட மாட்டேங்குது. கடையில நான் கணக்குப் போட்டா, பக்கத்துல நின்னுக்கிட்டு, 'இது கூடத் தெரியாதாப்பா?'ன்னு கேக்குது. கஸ்டமருக எல்லாம் சிரிக்கிறாக. இத எங்க கத்துக்கிச்சுன்னே தெரியல சார்."

எனக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

வந்துவிட்டது! குரல் பதிவு. வடிவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"சார், ஒரு வாரமா பதில் சொல்லலன்னு வருத்தப்பட்டியளோ? எடுத்துப் பாக்காம வாயத் தொறக்கப்பிடாதுல்லா, அதான். மொதல்ல எனக்கு வருத்தந்தான், பொய் சொல்லப்பிடாது. குரூப்ப விட்டே போயிரலாம்னு நெனச்சேன். அந்தப் புள்ள ஒங்களக் கேட்டா பாருங்க ஒரு கேள்வி, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வருத்தமே போயிட்டு. எங்கூர்ல பிஸ்கட்டு எதுக்கு, முருங்கக்கா கெடக்கு. பத்துப் பத்தா கட்டி, மூணு கட்டும் ரெண்டு உதிரியும் வச்சேன். அஞ்சு குடுன்னேன். ஒருத்தி கட்ட அவுத்துட்டா சார்! யாரும் சொல்லல, அவளே அவுத்துட்டா. ரெண்டோட பத்து சேந்துட்டு. அஞ்சக் குடுத்துட்டா, மிச்சம் ரெண்டு கட்டும் ஏழும். கடனும் இல்ல ஒண்ணும் இல்ல, நம்ம கட்ட நாமளே அவுக்கோம், அம்புட்டுத்தான். இருவது வருசமா இது எனக்குத் தெரியாமப் போச்சே! கணக்குல எனக்கு இம்புட்டுச் சந்தோசம் வந்ததே கெடையாது சார். அடுத்தது வகுத்தல் வருது. அது எனக்குச் சுத்தமாத் தெரியாது. சொல்லித் தாங்க. ஆனா அந்தக் கேள்விய மட்டும் கேக்கப்பிடாது, ஆமா."

வடிவு என்னைப் பார்த்தாள். நான் முற்றத்துக்கு வந்து போனை வாயருகே வைத்துக்கொண்டேன்.

"வகுத்தலைச் சேந்தே படிப்போம் டீச்சர், நானும் முதல்லருந்து படிக்கணும். எனக்கு ஒரு உதவி வேணும். ஆட்டுக்குட்டிப் பாட்டுல, பிள்ளைங்க எழுந்து ஆடச் சொல்றாங்க. எனக்கு அது சுத்தமாத் தெரியாது. சொல்லிக் குடுங்க."

எந்தக் குழுவுக்குப் போகிறது என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.